புதன்கிழமைச் சோம்பல்

மனித குலத்தின் வரலாறு என்பது, ரத்தம் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற மகத்தான ரகசியத்தின் வரலாறே. பேரரசுகள் எழுந்ததும் விழுந்ததும், தட்டணுக்கள் என்னும் கண்ணுக்குத் தெரியாத காவலர்களின் தயவால்தான்.

பேராசிரியை வலது கையை உயர்த்தி இப்படி முழங்கியபோது, மனித குலத்தின் சார்பில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர். அவர் குளியலறையில் குந்தியபடி வாளியில் படிந்த உப்புக்கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பேரரசு விழுந்ததும் ஒரு மூச்சு விடட்டுமா, இல்ல அப்படியே காவலர்களுக்குப் போயிடட்டுமா?" என்று கதவோரம் சாய்ந்து கேட்டார் பேராசிரியை.

"விடும்மா. எனக்கும் விட்ட மாதிரி இருக்கும்."

வாளி தேய்த்தவர் பேராசிரியையின் கணவர்; பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஆனால் மனைவியின் ஆய்வகத்தில் தரை துடைப்பவர் முதல் துறைத்தலைவர் வரை அவரை 'நார்மல் சார்' என்றே அழைத்தார்கள். ஒரு நோயாளியின் ரத்தம் ஒழுங்காக உறைகிறதா என்று பார்க்க, நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அந்த நோயில்லாத ஒருவர் பல ஆண்டுகளாக இவர்தான்.

சொல்லப்போனால் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இவர்தான். ரத்தம் கொடுத்தால் பழச்சாறு இலவசம் என்று கேள்விப்பட்டு அந்த ஆய்வகத்துக்குள் நுழைந்த இளைஞரின் முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, அப்போது வெறும் ஆராய்ச்சி மாணவியாக இருந்த பேராசிரியை கண்கள் பளபளக்கச் சொன்னார்: "எல்லா அளவும் நட்டநடுவுல இருக்குங்க. உங்கள மாதிரி ஒரு சராசரியான ஆள நான் பார்த்ததே இல்ல." அதுவரை வாழ்க்கையில் யாரும் அவரிடம் இவ்வளவு நெருக்கமாக எதையும் சொன்னதில்லை. மனிதர் அங்கேயே விழுந்துவிட்டார்.

ஆனால் சராசரியாகவே இருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. பூண்டு கூடாது, தட்டணுக்கள் குழம்பிவிடும். மீன் எண்ணெய் கூடாது. ரத்தம் கொடுக்கும் காலையில் ஓடக் கூடாது, யாரோடும் சண்டை போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வலி மாத்திரை என்ற பேச்சே எடுக்கக் கூடாது. வலி மாத்திரை தட்டணுக்களின் கையைக் கட்டிப்போட்டுவிடும். ஒரு நாளாவது போனால்தான் கட்டு அவிழும். தலையே கழன்று விழுந்தாலும் நார்மல் சார் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான் சட்டம்.

எடுத்த ரத்தத்துக்குக் கிடைத்த மரியாதை அதைக் கொடுத்த ஆளுக்குக் கிடைத்ததில்லை. குழாயைக் குலுக்கக் கூடாது, கைக்குழந்தையைப் போலச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஒருமுறை பேராசிரியை மடியில் குழாய்களோடு வாடகைக் காரில் போனபோது வண்டி வேகத்தடையில் எகிறிக் குதித்தது. "ஐயோ, மெதுவா! உள்ள உயிர் இருக்கு!" என்று அவர் போட்ட கூச்சலில் ஓட்டுநர் வியர்த்து விறுவிறுத்து வண்டியைத் திருப்பி நேரே பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

சோதனை என்னவோ எளிதானதுதான். ரத்தத்தைச் சுழற்றினால் தட்டணுக்கள் நிறைந்த கலங்கலான நீர் மேலே தங்கும். அதற்குள் ஒரு விளக்கொளியைப் பாய்ச்சி, தட்டணுக்களை உசுப்பும் தூண்டித் திரவம் ஒரு சொட்டு விட வேண்டும். தட்டணுக்கள் உஷாராக இருந்தால் கூட்டம் கூடிக் கட்டிதட்டும், கலங்கல் தெளியும், திரையில் கோடு மலைபோல் ஏறும். சோம்பலாக இருந்தால் கோடு அப்படியே சமவெளியாகக் கிடக்கும். மலையையும் சமவெளியையும் பார்த்த மாத்திரத்தில் புவியியல் வாத்தியாருக்கு விஷயம் புரிந்துவிடும். அதுதான் பின்னாளில் அவர் தலையில் கல்லைப் போட்டது.

பேராசிரியைக்குப் புதன்கிழமைதோறும் சொற்பொழிவு உண்டு. செவ்வாய்க்கிழமை மாலை முதலில் மாணவர்களுக்கும், வீடு திரும்பியதும் கணவருக்கும் அதை முழுசாக ஒத்திகை பார்ப்பார். முழுசாக என்றால் கையசைவோடு, மூச்சோடு, கேட்பவர்கள் சிரித்து முடிக்கக் கொடுக்கும் இடைவெளியோடு. யாரும் சிரிக்காவிட்டாலும் அந்த இடைவெளி குறையாது. இப்படிப் பல செவ்வாய்களைத் தாங்கிய நார்மல் சாரின் தலை ஒரு செவ்வாயில் இரண்டாகப் பிளந்தது. பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் கொடுத்த வலி மாத்திரை அட்டை சட்டைப்பையில் இருந்தது. ஒன்றே ஒன்று, யாருக்குத் தெரியப்போகிறது என்று வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த செவ்வாயும் போட்டுக்கொண்டார். அதற்கடுத்த செவ்வாய் எதற்கு வம்பு என்று ஒத்திகை தொடங்கும் முன்பே போட்டுக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பேராசிரியை சமையலறையில் கையில் கரண்டியோடு பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேங்க! திங்கள்ல ஏறுது, வியாழன்ல ஏறுது, புதன்ல மட்டும் ஏறல! ஒவ்வொரு புதனும்! தட்டணுவுக்குக் கிழமை தெரியுதுங்க!"

சந்தோஷத்தில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நேரத்தில் போய் மாத்திரையைப் பற்றி யார் பேசுவார்கள்? நார்மல் சாரும் பேசவில்லை.

வீட்டில் அதற்குப் பெயர் 'புதன்கிழமைச் சோம்பல்.' அச்சில் ஏறியபோது 'தட்டணுக்களின் வார லயம்' என்று கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டது. வெளியாட்களின் ரத்தத்தில் லயம் தென்படவில்லை. அவர்கள் ஒழுங்கான வாழ்க்கை வாழாதவர்கள் என்று கட்டுரையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு தீர்ப்பளித்தது. பேராசிரியையின் மாணவர்களுடைய ரத்தத்தில் மட்டும் லயம் அட்டகாசமாக இருந்தது. ஏன் என்று நார்மல் சாருக்கு ஒருநாள் விளங்கியது. குடை எடுக்க ஒரு மாணவி பையைத் திறந்தபோது உள்ளே அதே மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. அவள் அவரைப் பார்த்தாள். அவர் குடையைப் பார்த்தார். அதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவே இல்லை.

அதன் பிறகு தப்பிக்க வழியே இல்லாமல் போயிற்று. மாத்திரையை நிறுத்தினால் லயம் நின்றுவிடும். லயம் நின்றால் மனைவியின் பெயர் போய்விடும். தலைவலி இல்லாத செவ்வாய்களிலும் அவர் கடமை தவறாமல் விழுங்கினார். முதலில் தலைக்காகப் போட்ட மாத்திரை இப்போது தாம்பத்தியத்துக்காக என்று ஆகிவிட்டது. கட்டுரைகள் வந்தன, அழைப்புகள் வந்தன. கடைசியில் அறிவியல் பேரவையின் பெரிய பதக்கமே வந்தது, ஒரு நிபந்தனையோடு: புதன்கிழமை காலை, மேடையில், அத்தனை பேர் முன்னிலையில், நார்மல் சாரின் ரத்தத்தை வைத்து லயத்தைச் செய்து காட்ட வேண்டும்.

அந்தப் புதன் நாளைக்கு. வாளி தேய்த்து முடித்த நார்மல் சார், ஒத்திகையில் பேரரசுகள் இரண்டாம் முறை விழுந்துகொண்டிருந்தபோது மெல்ல நழுவிப் போய், சுருட்டி வைத்த உலகப் படத்துக்குள் கையை விட்டு அட்டையை எடுத்தார். காலி. போன வாரத்தோடு தீர்ந்திருந்தது.

நல்லவேளையாக வீட்டில் அவருடைய தங்கை இருந்தாள். விழாவைப் பார்க்க வந்திருந்தாள் என்றாலும், அவள் மனசுக்குள் ஒரு பழைய காந்தல் உண்டு.

"ஏய், தலை வலிக்குது. மாத்திரை இருக்கா?" என்று அவர் கிசுகிசுத்தார்.

"வலிக்காதா பின்ன? அண்ணி அங்க இன்னும் காவலர்களுக்கே வரல." அவள் கைப்பையைக் கிளறி ஒன்றை எடுத்து நீட்டினாள். "இந்தா. உன் ரத்தம் சோம்பேறின்னு ஊர் உலகத்துக்கெல்லாம் அச்சடிச்சுக் குடுத்திருக்காங்க, நீயும் பேசாம இருக்க. நம்ம வீட்டுல யாருண்ணா சோம்பேறி? அப்பா கடைசி வரைக்கும் உட்கார்ந்து சாப்பிட்டதில்ல."

அவர் விளக்கைப் போடாமல், இருட்டிலேயே மாத்திரையை விழுங்கினார். நிம்மதி பரவியது.

மறுநாள் பேரவை மண்டபம் நிரம்பி வழிந்தது. வரவேற்புரை என்ற பெயரில் பேரவைத் தலைவர் தம் சொந்த வாழ்க்கையைப் பிறந்த வேளையிலிருந்து தொடங்கினார். நல்லவேளையாக ஓய்வு பெற்றதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு பேராசிரியை எழுந்தார். பேரரசுகள் விழுந்தன, மூச்சு விடப்பட்டது, காவலர்கள் வந்தார்கள். சிரிக்க வேண்டிய இடங்களில் இடைவெளிகள் கம்பீரமாக நின்றன. முன்வரிசையில் சிலர் நெற்றிப்பொட்டைத் தேய்த்துக்கொண்டது ஆழ்ந்த சிந்தனையைப் போலவே இருந்தது.

"இப்போது, மலை எழாத அதிசயத்தைக் காணுங்கள்!" என்று சொல்லிவிட்டு, காலையில் எடுத்திருந்த கணவரின் மாதிரியில் பேராசிரியை தூண்டித் திரவம் ஒரு சொட்டு விட்டார்.

மேடை ஓரத்தில் நார்மல் சார் புன்னகையோடு நின்றார். பெரிய திரையில் கோடு ஒரு கணம் படுத்திருந்தது. பிறகு தலை தூக்கியது. பிறகு ஏறியது. ஏறு ஏறு என்று ஏறி, அவர் பாடம் நடத்திய மலைத்தொடர்களையெல்லாம் தோற்கடித்து, திரையின் உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

தங்கை மட்டும் எழுந்து நின்று கைதட்டினாள். "பார்த்தீங்களா! எங்க அண்ணன் ரத்தம்! சோம்பேறியாம்ல!"

நார்மல் சார் அவளருகே போய் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். "நேத்து நீ குடுத்தது என்ன மாத்திரை?"

"பாராசிட்டமால். காய்ச்சலுக்கும் கேக்கும், தலைவலிக்கும் கேக்கும். ஏன், நின்னுடுச்சா?"

நின்றுவிட்டது தலைவலி இல்லை, அவர் நெஞ்சுதான். பாராசிட்டமால் தட்டணுக்களைச் சீண்டாது என்பது, இத்தனை காலம் அந்த வீட்டில் குடித்தனம் நடத்திய அவருக்குத் தெரியும். தட்டணுக்கள் நேற்றிரவு நன்றாகத் தூங்கி எழுந்து, மேடையேறி, அவர் மனைவியின் மானத்தை வாங்கிவிட்டன.

பேரவைத் தலைவர் ஒலிபெருக்கியைப் பற்றினார். இப்படிப்பட்ட நெருக்கடிகளில்தான் அவர் குரல் கூடுதலாகக் கனக்கும். "ஒரு துளியால் ஒரு பேருண்மை வீழாது! பேரவையின் மாண்பைக் காக்க, இதோ, என் குருதியையே அளிக்கிறேன்!" என்று சட்டைக் கையை மடித்தார். கைதட்டல் கூரையைத் தொட்டது. ஊசி ஏறும்போது அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை.

எடுத்த ரத்தம் சுழன்று தெளியக் கொஞ்ச நேரமாகும். அந்த இடைவெளியில், நாற்காலிகள் அடுக்கிக் கிடந்த பக்கத்து அறைக்குள் பேராசிரியை கணவரைத் தள்ளிக்கொண்டு போனார்.

"என்னங்க, நேத்து என்ன சாப்பிட்டீங்க? எதையும் மறைக்காதீங்க."

"பாராசிட்டமால்."

"அது ஒண்ணும் பண்ணாதே."

"அதான்மா பிரச்சினை." நார்மல் சார் ஒரு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். "மத்த செவ்வாயெல்லாம் வலி மாத்திரை போடுவேன்."

"எத்தனை வருஷமா?"

"லயத்துக்கு எத்தனை வயசோ அத்தனை வருஷமா."

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ சமையலறையில ஆடிட்டு இருந்த. கையில கரண்டி வேற இருந்துச்சு."

"எதுக்கு மாத்திரை?"

"முழங்கால் வலி."

"எந்த முழங்கால்?"

நார்மல் சார் குனிந்து இரண்டையும் பார்த்தார். எது நம்பும்படி இருக்கும் என்று முடிவுக்கு வர முடியவில்லை. "தலைம்மா," என்றார்.

"செவ்வாக்கிழமை மட்டும் எப்படி..." என்று கேட்க ஆரம்பித்த பேராசிரியை பாதியில் நிறுத்தினார். காரணத்தையும் விளைவையும் கோர்த்தே பழகிய மூளை, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கோர்த்துவிடும். "என் பேச்சா?"

"பேச்சு நல்லா இருக்கும்மா. கொஞ்சம் நீளம்."

"அப்ப மாணவங்க ரத்தத்துலயும் லயம் இருந்துச்சே?"

"அவங்க பையிலயும் அதே அட்டைதான்."

தங்கை கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "அண்ணி, அண்ணன் ரத்தத்த இன்னொரு தடவை போடுவாங்களா? முதல் தடவை செல்போன்ல சரியா விழல."

இருவரும் அவளைத் தாண்டி மேடைக்குத் திரும்பினார்கள். நார்மல் சார் பின்னாலேயே போய்க் காதோடு சொன்னார்: "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்மா. சத்தியமா. நீயும் சொல்லாத."

தலைவரின் மாதிரியில் சொட்டு விழுந்தது. கோடு படுத்திருந்தது. இன்னும் படுத்திருந்தது. பாலைவனம் போல, அலையில்லாத ஏரி போல, அசையாமல் கிடந்தது.

மண்டபம் வெடித்தது. "லயம்! லயம்!" என்று பின்வரிசையில் கத்தினார்கள். சற்று முன் தலைகுனிந்திருந்த அறிஞர்கள் தங்களுக்கு முதலிலேயே தெரியும் என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டார்கள். தலைவர் தம் குருதியின் பெருமையில் ஒரு சாண் உயர்ந்து, பதக்கப் பெட்டியைத் திறந்துகொண்டே வந்தார். பேசாமல் தோளைக் கொஞ்சம் முன்னால் காட்டி நின்றால் போதும்; பெயர் பிழைத்தது, லயம் பிழைத்தது, குடும்பமும் பிழைத்தது. நார்மல் சார் தமக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் துணைக்குக் கூப்பிட்டார்.

பேராசிரியை திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒலிபெருக்கியை வாய்க்கு அருகில் இழுத்தார்.

"ஐயா, இன்னைக்குக் காலைல தலைவலிக்கு ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

"நானா?" தலைவர் சிரித்தார். "பொதுவாக மருந்துகளை நான் அண்டவிடுவதில்லை. ஆழ்ந்த உரைகளைச் செவிமடுக்க நேரும் நாள்களில் மட்டும், முன்னெச்சரிக்கையாக..."

"வலி மாத்திரை?"

"ஒன்று. ஒன்றரை."

பேராசிரியை மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினார். "அப்படின்னா லயம்னு ஒண்ணு இல்ல. நான் இத்தனை வருஷமா கண்டுபிடிச்சது மாத்திரையை." முன்வரிசையை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். "மறைக்காம சொல்லுங்க. நான் பேச ஆரம்பிச்ச பிறகு எத்தனை பேர் மாத்திரை போட்டீங்க? கை தூக்குங்க."

ஒரு கை எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு முன்வரிசை முழுக்க, மழைக்குப் பிந்திய புல் போல, கைகள் முளைத்தன. ஒலிபெருக்கியைச் சரிசெய்ய வந்தவரும் கூச்சத்தோடு கையைத் தூக்கினார். பேராசிரியை விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். எண்ண எண்ண அவர் முகம் மாறிக்கொண்டே போவதை நார்மல் சார் பார்த்தார். அந்த முகம் அவருக்குத் தெரிந்த முகம்தான்.

"என்னங்க, இங்க பாருங்க!" என்று ஒலிபெருக்கியிலேயே கூவினார் பேராசிரியை. "முன்வரிசைல அதிகம்! நடுவுல பாதி! கடைசி வரிசைல ஒண்ணுமே இல்ல! தூரம் கூடக் கூடக் குறையுது!"

"கடைசி வரிசைல சரியாக் கேக்கலம்மா," என்று யாரோ எழுந்து சொன்னார்கள்.

"அதான்! அதேதான்!" பேராசிரியை மேடையில் ஒரு சுற்றுச் சுற்றினார். கையில் ஒரு கரண்டி மட்டும் இருந்திருந்தால் நார்மல் சார் அழுதிருப்பார். கரண்டி இல்லாமலே கண் கலங்கிவிட்டது. முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. அன்றைய சொற்பொழிவில், இடைவெளி விடாமலே வந்த முதல் சிரிப்பு அது.

பேரவை உறுப்பினர்கள் மேடை மூலையில் தலைகளைக் கூட்டி ஆலோசித்தார்கள். பதக்கத்தில் பெயர் ஏற்கெனவே பொறித்தாகிவிட்டது, அழிக்க முடியாது, ஆகவே கொடுத்துவிடுவதுதான் அறிவியலுக்கு அழகு என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். எதற்காக என்பதை மட்டும் சான்றிதழில் பிறகு எழுதிக்கொள்ளலாம். தலைவர் பதக்கத்தைப் பேராசிரியையின் தோளில் குத்த முயன்றார். ஒன்றரை மாத்திரை வெளிச்சத்துக்கு வந்ததிலிருந்து அவர் கண் தரையைவிட்டு எழவில்லை; ஊசி துணியில் ஏறவில்லை. ஒத்தாசைக்குப் போன பேராசிரியையின் விரலில் ஊசி ஏறியது.

நார்மல் சார் பஞ்சோடு ஓடி வந்து விரலை அழுத்திப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார். ரத்தம் இன்னும் கசிந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி பார்த்தார். இன்னும் கசிந்தது. அவர் தலை நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். பேராசிரியை பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

காலையில் தலைவரின் வரவேற்புரை நடந்துகொண்டிருந்தபோது பேராசிரியையும் ஒரு வலி மாத்திரை போட்டிருந்தார்.